பெரியப்பா பார்த்த புலி

எல்லோரும் நிமிர்ந்து உட்காருங்கள். சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள். வரலாறு பொன்னெழுத்தில் பொறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இது: பெரியப்பா புலியைப் பார்த்துவிட்டார்!

சரணாலய வாசலில் இருந்த பதிவேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. காட்டுக்கு நடுவே, குன்றின் உச்சியில் ஒரு பழைய கோட்டை. அதைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள், 'நீங்கள் கண்ட விலங்குகள்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். முன்னால் வந்தவர் 'மான் 6' என்று எழுதியிருந்தார். பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. 'புலி 1. கோட்டை வாசல். மிக அருகில்' என்று எழுதி, ஆறு வளைவுகளோடு கையெழுத்துப் போட்டார்.

அவருடைய தம்பி மகள் பொடிசு எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்பது வயது. காலையிலிருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். அவள் கண்டதெல்லாம் குரங்கு. அதிலும் ஒன்று பெரியப்பாவின் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

வனக்காவலர் அக்கா பதிவேட்டைத் திருப்பிப் படித்தார். முகம் மாறியது.

"புலியா? கோட்டை வாசல்லயா?"

"பத்தடி தூரம்மா. நான் அசரவே இல்லையே!"

"அப்போ இனிமே மேல யாரையும் விட முடியாது."

அக்கா சங்கிலியை எடுத்துப் பாதைக்குக் குறுக்கே மாட்டினார். பெரியப்பா இதை எதிர்பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளிப் பேருந்து வந்து நிற்கும் என்றும் எதிர்பார்க்கவில்லை. நாற்பது பிள்ளைகள் தபதபவென்று இறங்கினார்கள்.

"கோட்டைக்கு விட மாட்டாங்களாம்டா!"

"நாலு மணி நேரம் பஸ்ல வந்தோமே!" என்றான் ஒரு பையன். குரல் உடைந்துவிட்டது.

பொடிசு பெரியப்பாவின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

"நிஜமா சொல்லுங்க பெரியப்பா. புலியைப் பார்த்தீங்களா?"

"மஞ்சளா ஒண்ணு அசைஞ்சுதே..."

"அது காய்ஞ்ச புல்லு. நீங்கதானே அது மேல போய் உட்கார்ந்தீங்க!"

"புல்லுதான்," என்று பெரியப்பா முனகினார். "இப்போ போய் அதைச் சொன்னா என் மானம் என்னடி ஆகும்? அத்தனை பேரும் என்னையே பார்க்கிறாங்க."

பொடிசு யோசித்தாள். கோட்டை வாசலுக்கு மேலே கல்லில் ஏதோ செதுக்கியிருந்ததே! வாயைப் பிளந்தபடி ஒரு விலங்கு. மூக்கு உடைந்து, கழுத்தைச் சுற்றிச் சுருள் சுருளாக...

நேராக அக்காவிடம் போனாள்.

"அக்கா, பெரியப்பா ஒரு வார்த்தையை விட்டுட்டாரு. பேனா குடுங்க."

'புலி'க்கு முன்னால் 'கல்' என்று குண்டு குண்டாக எழுதினாள்.

"உயிரோட புலி எதையும் நாங்க பார்க்கலக்கா. வாசல் மேல கல்லுல இருக்கே, அது மட்டும்தான்."

அக்கா பெரியப்பாவைப் பார்த்தார். "அப்படியா சார்?"

பெரியப்பா நெற்றியைத் துடைத்தார். "உயிரோட எதுவும் இல்லம்மா. இனிமே முழுசா எழுதுறேன்."

அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சங்கிலியைக் கழற்றினார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த குரங்குகளே மிரண்டு ஓடின.

"சார், எங்களுக்கும் அந்தக் கல் புலியைக் காட்டுறீங்களா?" என்றான் குரல் உடைந்த பையன்.

கேட்கவா வேண்டும்? முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. பெரியப்பா இரண்டாம் முறையாகக் குன்றேறினார், நாற்பது பேருக்குத் தளபதியாக.

"உடம்புல கோடே இல்லையே சார்?"

"எத்தனை மழை பார்த்திருக்கும்! கரைஞ்சு போயிடுச்சு."

பொடிசு கடைசியில் நடந்தாள். முன்னால் நாற்பது தலைகள் துள்ளித் துள்ளி மேலே போவதைப் பார்க்கப் பார்க்க, அவளுக்கே தான் ஒரு சாண் வளர்ந்துவிட்டது போல இருந்தது.

பெரியப்பாவும் பொடிசும் வாசலுக்குக் கீழே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். 'நானும் புலியும்' என்ற தலைப்போடு அது இன்றும் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

அது சிங்கம்.