கைக்கு இரண்டு அங்குலம்

நவம்பர் 12, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். பலகையின் கனம் ஒரு அங்குலம் என்று கணக்கிட்டுவிட்டேன். முக்கால்தான். நான்கு பலகைக்கு ஒரு அங்குலம் பிசகு. நாளை: கோடுகளை அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

எழுதி முடித்து, 'தவறு' என்ற சொல்லை மாரிட் அடிக்கோடிட்டாள். மாலை வகுப்பில் தச்சு கற்க வருகிறவர்கள் தினமும் வேலைக்குறிப்பு எழுத வேண்டும் என்பது ஆசிரியர் டாரல் போட்ட சட்டம். மற்றவர்கள் வகுப்புக்கு முன்னால் காரில் உட்கார்ந்து ஒரு வாரத்துக்கும் சேர்த்துக் கிறுக்கினார்கள். மாரிட் ஒரு நாளும் விட்டதில்லை.

"ஒரு இஞ்ச்சுன்னு பேர் வச்சு முக்கா இஞ்ச்ச விக்கிறதுதான் இந்த ஊர் மரக்கடை," என்று அன்று வகுப்பில் டாரல் சிரித்திருந்தார். "இழைச்சதுல போச்சுன்னு சொல்லுவான். நீயாவது சுவத்துல கோடு போட்டதோட நிறுத்திட்டே. போன வருஷம் ஒருத்தர் பலகைய அறுத்து, ஆணியும் அடிச்சுட்டு வந்து நின்னார்."

"என் கை அப்படி. எதைத் தொட்டாலும் பிசகும்."

"கைய ஏன் திட்றே? உள்ள வைக்கப்போற சாமான அள. கை நுழைய ரெண்டு இஞ்ச் கூட்டு. அவ்வளவுதான் கணக்கு."

அவள் கையைத் திட்டக் காரணம் இருந்தது. பழைய வீட்டில் அவள் மாட்டிய புத்தகத் தட்டு ஒரு நாள் பெயர்ந்து, மகள் ட்ரூடியின் தொட்டிலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சத்தம் மட்டும் மாரிட்டின் காதைவிட்டுப் போகவேயில்லை. ஏரிக்கரை ஊரான துலூத்தில் இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்ததும், விளையாட்டு அறையின் சுவர் அலமாரி வெறுமையாக இருப்பதைப் பார்த்ததும், அவள் முதலில் செய்தது தச்சு வகுப்பில் சேர்ந்ததுதான். ட்ரூடிக்கு இன்னும் நான்கு வயது முடியவில்லை. அவள் தலைக்கு மேல் இன்னொரு தட்டு விழக்கூடாது.

புதன்கிழமை பழைய கோடுகளை அழித்து நிதானமாகப் புதிதாகப் போட்டாள். தரையிலிருந்து பதினாறு அங்குலத்தில் முதல் கோடு. அதன் பக்கத்தில், அடியில் வைக்கப்போகும் பொம்மைக் கூடையின் உயரத்தை, 'கூடை 14 + 2' என்று எழுதினாள். ரசமட்டத்தை வைத்துக் கோடு சரியவில்லை என்று பார்த்தாள். மூன்று முறை அளந்தாள். தாங்குகட்டை உட்காரும் இடத்தில் பெயிண்ட் உப்பியிருந்தது. சுரண்டியபோது அடியில் வேறு யாரோ பென்சிலில் சாய்வாக எழுதியது தெரிந்தது. 'லோயிஸ் 35 + 2.'

இதற்கு முன் குடியிருந்தவர்களும் இதே கணக்கைத்தான் படித்திருக்கிறார்கள் என்று அவளுக்குச் சின்ன சந்தோஷம்கூட வந்தது. லோயிஸ் ஏதோ பெரிய பொம்மையாக இருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

"யாரு பொம்மை?" என்றாள் ட்ரூடி வாசலில் நின்றுகொண்டு.

"தெரியாது கண்ணு. உள்ள வா, உன் கரடிய அளக்கலாம்."

"மாட்டேன். அலமாரிக்குள்ள நனைஞ்ச கம்பளி நாத்தம்."

உண்மைதான். பைன் பலகையின் வாசனைக்கு அடியில், பனியில் விளையாடிய குழந்தையின் கையுறையைக் காயவைக்க மறந்தால் வருமே, அந்தப் புளித்த ஈர வாடை.

சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, விளையாட்டு அறையில் அளக்கும் எஃகு டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே போகும் சத்தமும், கடைசியில் அதன் கொக்கி டக்கென்று இடிக்கும் சத்தமும் கேட்டன. "ட்ரூடி, டேப்ப வை, கைய அறுத்துடும்," என்று திரும்பாமலே சொன்னாள்.

"நான் இங்கதாம்மா இருக்கேன்," என்றது மேசைக்கு அடியிலிருந்து குரல்.

டேப் மாரிட்டின் ஏப்ரன் பையில் இருந்தது. சூடேறும் குழாய்கள் இப்படித்தான் சத்தம் போடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை முதல் கோடு இருபத்திரண்டு அங்குலத்தில் இருந்தது.

அவள் பயப்படவில்லை. வெட்கப்பட்டாள். குறிப்பேட்டில் 'டேப்பைத் தவறாகப் படித்திருக்கிறேன்' என்று எழுதி, கோட்டை அழித்து, பதினாறில் மறுபடி போட்டாள். இரும்புத் தாது ஏற்றும் கப்பலில் வேலை பார்க்கும் அவள் கணவன் நீல்ஸ், ஏரியில் எங்கோ சிக்னல் கிடைத்தபோது கூப்பிட்டான்.

"இன்னும் அளந்துகிட்டா இருக்கே? நானா இருந்தா எல்லாத்தையும் உள்ள தள்ளிக் கதவச் சாத்தியிருப்பேன்."

"கோடு ஏறிகிட்டே போகுது, நீல்ஸ்."

"கோடு ஏறாது. நீதான் ஏத்தியிருப்பே. தூங்கினியா நேத்து?"

அவளுக்கே நினைவில்லை. தூக்கத்தில் எழுந்து அளந்திருப்பாளோ? அவளால் அதை நம்ப முடிந்தது. தன்னைப் பற்றி எந்தத் தவறைச் சொன்னாலும் அவளால் நம்ப முடியும்.

வெள்ளிக்கிழமை காலை கோடு முப்பத்தொன்றில் இருந்தது. 'கூடை' என்ற சொல் விரலால் தேய்த்ததுபோல் மங்கியிருந்தது. பலகையின் கனத்தை மறுபடி மறந்திருப்பேன் என்று அவள் எழுதத் தொடங்கினாள். பாதி வரியில் பென்சில் நின்றது. முதல் கோட்டுக்குக் கீழே பலகையே கிடையாது. தரைதான் இருக்கிறது. தரையிலிருந்து கோடு வரை எந்தக் கனத்தையும் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். அங்கே தவறு நேர வழியே இல்லை.

முதல் முறையாக, தவறு தன்னுடையது இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அலமாரிக் கதவைச் சாத்தி, பிடிக்கு அடியில் நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். டாரலைக் கூப்பிட நினைத்தாள். என்னவென்று சொல்வது? செவ்வாய்க்கிழமை வகுப்பில் அத்தனை பேரும் சிரிப்பார்கள். அறுத்த பலகைகளை யாருக்காவது கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கிக்கொள்ளலாம். ட்ரூடியை நாள் முழுக்கப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

நாலரை மணிக்கு ஜன்னலில் வெளிச்சம் போனது. ட்ரூடிக்கு மக்ரோனி வைத்துக் கொடுத்தாள்.

"சூடா இருக்கு, ஊது. ரெண்டே நிமிஷம். பலகைய வண்டியில ஏத்திட்டு வந்துடறேன்."

"நீ ரெண்டு நிமிஷம்னா பத்து நிமிஷம்."

"சரி, எண்ணிகிட்டே இரு."

"எனக்குப் பதினாறு வரைக்கும்தான் தெரியும்."

"பதினாறு போதும்."

கராஜில் பெட்ரோல் வாசனையும், புதன்கிழமை அவள் பலகை அறுத்த மரத்தூளின் வாசனையும் கலந்து கிடந்தன. விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. சுவரோரம் சாய்த்து வைத்த பலகைகளை அவள் வழக்கம்போல எண்ணினாள். அறுத்தது நான்கு.

இருந்தது மூன்று.

மறுபடி எண்ணினாள். மூன்று. பின்னால் தேடினாள். வீட்டுக்குள்ளிருந்து, இரண்டு சுவருக்கு அப்பாலிருந்து, சர்ரென்ற சத்தம் கேட்டது. நீளமாக. பிறகு டக்.

பையைத் தொட்டாள். டேப் இருந்தது.

ஓடினாள்.

சமையலறையில் கிண்ணத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. கரண்டி மக்ரோனியில் நின்றது. நாற்காலி காலி. மேசைக்கு அடியில் காலி.

"ட்ரூடி."

விளையாட்டு அறை இருட்டு. ஈரக் கம்பளி வாடை வாசல்வரை வந்திருந்தது. முட்டுக் கொடுத்த நாற்காலி அசையவில்லை. கதவு சாத்தியிருந்தது. காதை வைத்தாள். உள்ளே ஒரு குரல், மிகச் சன்னமாக.

"பதினாலு. பதினஞ்சு. பதினாறு."

நாற்காலியைத் தள்ளினாள். கதவைத் திறந்தாள்.

தட்டு பொருத்தியிருந்தது. அவள் அறுத்த பலகைதான். மூலை சரியாக, மட்டம் சரியாக, அவள் கையால் ஒருபோதும் வராத சுத்தத்தில். தரையிலிருந்து நாற்பது அங்குலம். அளக்காமலே தெரிந்தது. போன மாதம் டாக்டர் ட்ரூடியை அளந்து சொன்ன உயரம் அவளுக்கு மனப்பாடம்.

பலகைக்கு அடியில் ட்ரூடி நின்றாள். முதுகு சுவரில். கைகள் பக்கவாட்டில். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. மாரிட் தோளைப் பிடித்து இழுத்தாள். தோள் கட்டையாக இருந்தது. குளிர்ந்த, இழைத்த கட்டை. பாதம் தரையைவிட்டுப் பெயரவில்லை. பலகையை முட்டினாள். தோள் வலிக்க முட்டினாள். அசையவில்லை.

கோட்டுக்குப் பக்கத்தில் பென்சில் எழுத்து. 'ட்ரூடி 38 + 2.' மூன்றின் தலை தட்டை. மாரிட் அப்படித்தான் மூன்று எழுதுவாள்.

தலைக்கும் பலகைக்கும் நடுவில் இரண்டு அங்குலம். அந்த இடைவெளியில், பின்சுவரிலிருந்து நீண்டு, ஒரு சின்னக் கை. நனைந்த கம்பளிக் கையுறை போட்டிருந்தது. ட்ரூடியின் முடியை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.

ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டே மாரிட் தரையில் உட்கார்ந்தாள். அவள் முழங்காலில் ஏதோ இடித்தது. சமையலறை மேசையில் வைத்திருந்த குறிப்பேடு. இன்றைய பக்கம் திறந்து கிடந்தது. காலையில் பாதியில் விட்ட வரி அடிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்து, நிதானமாக. எப்போது எழுதினோம் என்று அவள் யோசித்தாள். எழுதியிருப்போம் என்றே தோன்றியது.

நவம்பர் 15, வெள்ளி. இன்று தவறு ஏதும் இல்லை. அளவு சரியாக வந்தது. நாளை: இரண்டாம் தட்டு. லோயிஸை மேலே மாற்ற வேண்டும்.