கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம்

போண்டாவின் முதுகில் கடிபட்ட காயம் இருந்தது. இடுப்புக்குச் சற்றுக் கீழே மயிர் பிய்ந்து, ஈரம் காயாத சிவப்பு. பானுமதி அந்தக் கினிப்பன்றியைக் கையில் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கூண்டில் அது ஒன்றுதான் இருந்தது. அதோடு இருந்த லட்டு போன மாதமே செத்துவிட்டது.

கம்பியில் கீறிக்கொண்டிருக்கும் என்று மஞ்சள் தடவி விட்டாள். மறுநாள் காலை காது கிழிந்திருந்தது. கத்தரித்தாற்போல அரைவட்டம்.

வீடு இருந்த கராச்சர்மாவிலிருந்து பஸ் பிடித்து, பத்துபஸ்தியில் வீட்டிலேயே பிராணிகளைப் பார்க்கும் டாக்டர் ஜெகநாதனிடம் கூடையோடு போனாள். அவர் காயத்தைப் பார்த்ததும் கேட்டார்.

"ரெண்டும் ஆணா மேடம்?"

அவள் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "கூடப் பொறந்ததா இருந்தாலும் பெருசானா லடாய்தான். நடுவுல தடுப்பு வைங்க. தீனிக் கிண்ணம் அலக், ஒளியுற பெட்டி அலக், எல்லாம் தனித்தனியா. ஒருத்தன் வாசம் இன்னொருத்தனுக்கு வரலாம், பல்லு மட்டும் எட்டக் கூடாது."

"இது ஒண்ணுதான் டாக்டர் இருக்கு."

டாக்டர் போண்டாவின் மயிரை மறுபடி விலக்கினார். "தன் முதுகைத் தானே கடிக்க முடியாது மேடம். இது பல்லு. பக்கா."

திரும்பும் பஸ்ஸில் மழைச்சாரல் முகத்தில் அடித்தது. ஜன்னலை இழுத்து மூட அவளுக்குத் தோன்றவில்லை. டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் மகள் சங்கவி தீவை விட்டு மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்பே சொல்லியிருந்தாள். இரண்டும் அண்ணன் தம்பிகள். குட்டியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தூங்கினவை. வளர்ந்ததும் கடித்துக்கொள்ள ஆரம்பித்தன. கூண்டின் நடுவில் கம்பித் தட்டி ஒன்றைச் சங்கவியே சணல் கயிற்றால் கட்டியிருந்தாள். "இதை மட்டும் எடுத்துடாதேம்மா" என்று கப்பல்துறையில் நின்றுகொண்டுகூடச் சொன்னாள்.

பானுமதி எடுத்தாள். மொட்டை மாடியில் சூரை மீன் காயவைக்க அகலமான தட்டி வேண்டியிருந்தது. ஒரு மத்தியானம்தானே என்று நினைத்தாள்.

அந்த மத்தியானம் அவள் கட்டிலில் படுத்து மொபைலில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். பால்கனியிலிருந்து முதலில் குர்ரென்று அடித்தொண்டை உறுமல் கேட்டது. அப்புறம் பற்கள் கடகடவென்று மோதும் சத்தம். அப்புறம் ஒரு வீறிடல், குழந்தை அழுகை மாதிரி, நீளமாக. அது நிற்கவில்லை. எழுந்து போனால் கதை விட்டுப்போகும் என்று தோன்றியது. மொபைலின் சத்தத்தைக் கூட்டினாள். அவ்வளவுதான் செய்தாள்.

சாயங்காலம் போய்ப் பார்த்தபோது லட்டுவின் உடம்பு விறைத்திருந்தது. மீன் கழிவோடு சேர்த்து ஒரு கேரி பையில் முடிந்து, வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடை நாலாவில் எறிந்தாள். சங்கவியிடம் சொல்லவில்லை. கப்பல் வேலையில் கேம்பல் பே போயிருந்த கணவன் மகேஷ்குமாரிடமும் சொல்லவில்லை.

டாக்டரிடமிருந்து வீட்டுக்கு வந்ததும் தட்டியை மாடியிலிருந்து எடுத்து வந்து தேய்த்துக் கழுவினாள். எவ்வளவு தேய்த்தும் மீன் கவிச்சி போகவில்லை. கூண்டின் நடுவில் நிறுத்தி நான்கு மூலையிலும் சணல் கட்டினாள். இந்தப் பக்கம் போண்டா. அந்தப் பக்கம் வெறும் புல். ஏன் செய்கிறோம் என்று தெரியாமலே அந்தப் பக்கத்திலும் ஒரு கிண்ணத்தில் வெள்ளரித் துண்டுகள் வைத்தாள். ஒரு செருப்பு டப்பாவில் வாசல் வெட்டி, அதையும் வைத்தாள்.

காலையில் இரண்டு கிண்ணமும் காலி.

எலி தின்றிருக்கும். இந்த வீட்டில் எலி உண்டு. ஆனால் அன்றிலிருந்து போண்டாவின் உடம்பில் புதுக் காயம் வரவில்லை. அது தட்டியிலிருந்து முடிந்த அளவு தள்ளி, மூலையில் ஒண்டிக்கொண்டு, அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பானுமதி தினமும் இரண்டு பக்கமும் கூட்டினாள். இரண்டு பக்கமும் புழுக்கை கிடந்தது. அந்தப் பக்கத்துப் புல் மட்டும் எப்போதும் ஈரம். சாக்கடை வாடை அடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு மாற்றினாள். மாற்றும்போது, "சாப்பிடுடா. வயிறு நிறையச் சாப்பிடு" என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னாள். அப்படிச் சொன்ன இரவு நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கவி வீடியோ காலில் வந்தாள்.

"போண்டா இளைச்சுட்டான்மா. லட்டு எங்க?"

"டப்பாக்குள்ள தூங்குறான்டி."

"இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டு."

பானுமதி தட்டிக்கு அந்தப் பக்கம் மொபைலை நீட்டினாள். கண்களை மட்டும் மாடிப் படியின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஆமா, மூக்கு தெரியுது" என்று சங்கவி சிரித்தாள். பிறகு, "ஏம்மா இப்படி நனைஞ்சிருக்கான்? குளிப்பாட்டினியா என்ன?"

"சிக்னல் சரியில்லடி. அப்புறம் பேசறேன்."

துண்டித்துவிட்டாள். உள்ளே வந்து பால்கனிக் கதவைச் சாத்தினாள். பிள்ளையிடம் அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன? திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், அதோடு முடிந்திருக்கும். தீனி வைத்து வைத்து நானே அதை இங்கே பிடித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தாள். மறுநாள் அந்தப் பக்கத்துக் கிண்ணத்தை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. கடல் பக்கமிருந்து மழை ஏறி வந்து தகரக் கூரைகளின்மேல் சரளை கொட்டுவதுபோல இறங்கியது. தெருவில் யாரோ ஒரு ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு பிரஷர் குக்கர் ஒருமுறை விசிலடித்து ஓய்ந்தது. பிறகு கரண்ட் போய், மின்விசிறி மெல்ல மெல்லச் சுழற்சி இழந்து நின்றபோது, அது நிற்பதற்காகவே காத்திருந்ததுபோல அந்த உறுமல் தொடங்கியது.

குர்ர்.

அதற்குப் பதிலாக இன்னொன்று. இன்னும் தாழ்ந்த குரலில், தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல.

பானுமதி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பற்கள் கடகடத்தன. கூண்டு ஆடியது. போண்டா வீறிட்டது. அதே நீளம். அதே குழந்தைக் குரல். கை தானாக மொபைலைத் தேடிப் போனது. அதைக் கவனித்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

எழுந்தாள். ஓடினாள்.

பால்கனியில் எதுவும் தெரியவில்லை. காலில் ஏதோ தடுக்கியது. தட்டி. கூண்டுக்குள் இருந்தது, வெளியே தரையில் கிடந்தது. குனிந்து தடவினாள். சணல் கடித்து அறுக்கப்பட்டிருந்தது.

"விடுடா! அவனை விடு! தப்பு என்னுதுடா!"

மேல் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டாள். சூடான உடம்பு ஒன்று. மூச்சு வாங்கியது. போண்டா. அதைத் தள்ளினாள், மூலைக்கு. கை நகர்ந்தது.

இன்னொன்று.

ஜில்லென்று. சொதசொதவென்று. விரலோடு மயிர் கழன்று வந்தது. உள்ளே இதயம். மிக வேகமாக.

கடித்தது. வலி தோள்வரை ஏறியது. இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

கரண்ட் வந்தது.

டியூப்லைட் சிமிட்டிச் சிமிட்டி எரிந்தது. மூலையில் போண்டா, சுவரைப் பார்த்தபடி. செருப்பு டப்பாவின் வாசலுக்கு முன்னால் அவளுடைய கை. கையில் ஒன்றுமே இல்லை. ஆள்காட்டி விரலின் மேல் இரண்டு குழி, கீழ் இரண்டு குழி. யாரும் தொடாத அந்தக் குழிகள் அவள் பார்க்கப் பார்க்க ஆழமாகிக்கொண்டே போயின. தோல் கூம்பி நீண்டது. விரல் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, டப்பாவின் இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.