அரக்குத் துணி மூட்டை

"எங்கண்ணன் கோவக்காரன்தாங்க, மேடம். ஆனா ஒரு ஆள அடிச்சுப் போட்டுட்டு வந்து எங்களோட உக்காந்து சோறு துன்ற ஆளு இல்லங்க."

துர்கா இதைச் சொல்லி முடிக்கும்வரை ஆய்வாளர் பரிமளா குறுக்கே பேசவில்லை. உதவி ஆய்வாளர் சுதாகருக்கு அந்தப் பொறுமை இல்லை. பட்டு முதலாளி துரைக்கண்ணு தம் சாயப்பட்டறையில் மண்டை உடைந்து இறந்துகிடந்த மறுநாளே துர்காவின் அண்ணன் அன்பரசுவைப் பிடித்துவந்தவர் அவர்தான். துரைக்கண்ணுவிடம் தறி நெய்த அன்பரசு, தறியை விட்டுவிட்டுச் செய்யாரில் ஒரு கம்பெனிக்கு ஷிப்டு வேலைக்குப் போய்விட்டான். அதன் பொருட்டு இருவரும் சாயப்பட்டறையில் கைகலந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. பிடித்துவந்து ஒரு நாள் ஆகப்போகிறது. இன்று மாலைக்குள் அவனை நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும், நிறுத்தினால் சிறைதான்.

"கண்ணால பாத்த சாட்சி இருக்கு, மேடம்," என்று சொல்லி, சாயப்பட்டறை மேஸ்திரி தனக்கோடியைச் சுதாகர் உள்ளே அழைத்தார்.

நகக்கண்ணெல்லாம் சாயம் ஏறிய கைகளைக் கட்டிக்கொண்டு தனக்கோடி நிதானமாகப் பேசினார். "சந்தவாசல் ரோட்டுல தண்ணி நிக்கிற பழைய குவாரி வழியா வந்துகினு இருந்தேங்க. நல்லா இருட்டிடுச்சு. அன்பரசு கரைமேல நின்னுகினு எதையோ தூக்கிப் போட்டான். பைக் லைட்டுல மூஞ்சி தெரிஞ்சுது. போட்டது என்னன்னு தெரியல, சத்தம்தான் கேட்டுச்சு. மனசு கேக்கல. மறுநாள் மத்தியானம் போய் முழுகிப் பாத்தேன். அடியில அரக்குத் துணியில ஒரு மூட்டை கெடந்துச்சு. தொடறதுக்குள்ள மூச்சு முட்டி மேல வந்துட்டேன்."

"செவப்பு மூட்டை," என்றார் சுதாகர்.

"செவப்பு வேற, அரக்கு வேற சார். சாயத்துலயே கெடக்கறவனுக்கு அதுகூடத் தெரியாதா?"

தீயணைப்பு வீரர்கள் ஏற்கெனவே பாதாளக் கரண்டி விட்டுத் துழாவியிருந்தார்கள். அது பாறையில் மாட்டிக்கொண்டதே ஒழிய ஒன்றும் மேலே வரவில்லை. ஆகவே பரிமளா, பல் மருத்துவர் பிரிஸில்லாவையும் அவர் கணவர் வின்சென்ட்டையும் அழைத்திருந்தார். காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு புதுச்சேரிக் கடலடியில் மீன் பார்த்து வருவது அத்தம்பதியின் விடுமுறைப் பொழுதுபோக்கு.

உச்சி வெயிலில் குவாரிக் கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. துர்காவும், இடம் காட்ட வந்த தனக்கோடியும் முன்னால் நின்றார்கள். "டாக்டரம்மா, கீழ யாராச்சும் பல்செட்ட விட்டிருந்தா அதையும் எடுத்துகினு வாங்க," என்றது ஒரு குரல். இருவரும் சிரித்துக்கொண்டே நீருக்குள் இறங்கினார்கள்.

வெகுநேரம் குமிழிகள் மட்டுமே வந்தன. பிறகு பிரிஸில்லாவின் தலையும், அவரை அடுத்து மூட்டையை ஏந்திய வின்சென்ட்டின் கைகளும் தெரிந்தன.

"கெடந்தபடியே படம் புடிச்சோம் மேடம். அதுக்கப்பறம்தான் தொட்டோம். தண்ணி தெளிவா இருந்ததால லைட்டுகூடப் போடல," என்றார் பிரிஸில்லா.

"உங்க வெரல்ல ரத்தம் வருதுங்க," என்றார் சுதாகர்.

பிரிஸில்லா விரலைத் திருப்பிப் பார்த்தார். "அட, இதுதானா? பாறை கீறியிருக்கு. கீழ பச்சையா ஏதோ வழிஞ்சுது, பாசின்னு நெனச்சேன்."

"தெனமும் ஊர்க்காரங்க ரத்தத்தைப் பாக்கறவ. சொந்த ரத்தம் அடையாளம் தெரியல பாருங்க," என்றார் வின்சென்ட்.

மூட்டையைப் பிரித்தார்கள். அரக்குத் துணிக்குள் ஓர் இரும்புக் கம்பியும் அன்பரசுவின் கம்பெனி அடையாள அட்டையும் இருந்தன. துர்கா அட்டையில் இருந்த அண்ணன் படத்தையே பார்த்தாள்.

"முடிஞ்சுது மேடம். ஜல்தியா கோர்ட்டுக்குக் கெளம்பிடலாம்," என்றார் சுதாகர்.

பரிமளா மூட்டையைப் பார்க்கவில்லை. பிரிஸில்லாவின் விரலைச் சுற்றிய துணியில் சிவப்பு ஊறிவருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிரிஸில்லாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். கேமராவை வாங்கிக்கொண்டு ஜீப்பின் நிழலுக்குப் போய், படத்தை இருமுறை ஓட்டிப் பார்த்தார். அதன்பின் எல்லாரையும் அருகே அழைத்தார்.

"மேஸ்திரி, கலர் பாக்கறதுல உங்க கண்ணுக்குத் தனிப் பேர் இருக்கு. இந்தத் துணி என்ன கலர்?"

திரை நிறைய ஒரு துணியின் மடிப்பு மட்டுமே தெரிந்தது. தனக்கோடி வெயிலைக் கையால் மறைத்து உற்றுப் பார்த்தார். "கருப்புங்க. லேசாப் பச்சை அடிக்குது. ஆனாலும் கருப்புதான்."

"அரக்கா இருக்குமோ?"

"அரக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க."

பரிமளா படத்தை ஓடவிட்டார். ஒரு கை அந்தத் துணியைப் பற்றியது. மூட்டை மெல்ல மேலே ஏறியது. ஏற ஏறக் கருப்பு பழுப்பாயிற்று. மேற்பரப்பின் ஒளி பட்டதும் அரக்காயிற்று. சுதாகர் படத்தை விட்டுவிட்டுத் தனக்கோடியின் முகத்தைப் பார்த்தார். அங்கே நிறமே இல்லை.

"ஆழத்துல செவப்பு வெளிச்சம் எட்டாது. அதான் என் ரத்தமே பச்சையாத் தெரிஞ்சுது," என்றார் பிரிஸில்லா.

"இருட்டுல கரைமேல பொருள் தெரியலன்னு நீங்களே சொன்னீங்க," என்றார் பரிமளா. "மறுநாள் முழுகிப் பாத்தது உண்மையா இருந்தா, கருப்பு மூட்டைன்னுதான் சொல்லியிருப்பீங்க. அந்த அரக்கு உங்க கண்ணுல எப்ப பட்டுச்சு? தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னாடி, நல்ல வெளிச்சத்துல. வேற யாரா இருந்தாலும் வெறும் மூட்டைன்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க. உங்களால கலர் சொல்லாம இருக்க முடியல."

தனக்கோடி தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். "மொதலாளி நூல்ல கொஞ்சம் எடுத்து வெளியாளுக்குச் சாயம் போட்டுக் குடுத்துகினு இருந்தேன். பாத்துட்டாரு. விடிஞ்சதும் ஊர் பூராச் சொல்றேன்னாரு. கையில கெடச்ச கம்பிய எடுத்து அடிச்சுட்டேன். அந்த அட்டை மொதலாளியும் அன்பரசும் கைகலந்தப்ப அறுந்து விழுந்தது. என்கிட்டதான் இருந்துச்சு."

திரும்பும் வழியில் சுதாகரால் பேசாமல் இருக்க முடியவில்லை. "அந்த ஆளு கலரச் சொல்லாம இருந்திருந்தா, மேடம்?"

"சாயங்காலம் நீங்க அன்பரசுவக் கோர்ட்டுக்குக் கூட்டிகினு போயிருப்பீங்க. நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

நிலையத்தில் இரும்புக் கதவைச் சுதாகரே திறந்தார். நடந்தது எதையும் அறியாத அன்பரசு கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். "கோர்ட்டுக்கா சார்?"

"வீட்டுக்கு," என்றார் சுதாகர்.

துர்கா உள்ளே வந்து அண்ணன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "இனிமே எவன்கிட்டயாவது கைய ஓங்கினு நின்ன..." என்று தொடங்கியவள் முடிக்க முடியாமல் அவன் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சுதாகர் தொப்பியைக் கழற்றினார்.

"தப்பு என்னுதுப்பா," என்றார்.