ஐம்பதில் ஒரு பங்கு

2019 நவம்பர் 14, வியாழக்கிழமை, பிற்பகல் 2.40, காற்றில்லாத மழை. செப்புத் தகடு வேய்ந்த சோதனை அறைக்குள் அதன் ஓசை எட்டவில்லை. திரையில் அலையாக ஏறி இறங்க வேண்டிய பச்சைக் கோடு, யாரோ உச்சியைச் சீவிவிட்டதுபோல் மட்டமாக நின்றது.

சோதனைக்கு வந்த உணரி பத்து வோல்ட் வரை தரும். நொடிக்கு இருபது லட்சம் முறை அதை எண்ணாக மாற்றும் கருவியோ இரண்டு வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஆகவே சோதனைப் பொறியாளரான அவள் அதை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்திருந்தாள். கோடு அப்போதும் உச்சியைத் தட்டியது. ஐம்பதில் ஒரு பங்காக்கினாள். இறங்கவில்லை.

அழுத்து இயந்திரத்தின் அடியில் தொழிலாளியின் விரல் அகப்பட்டால், இறங்கும் இரும்பை அக்கணமே நிறுத்த வேண்டிய உணரி அது. "தகுதி" என்று குறித்துக் கையெழுத்திட்ட தாளைக் கதவிலுள்ள பிளவின் வழியே நீட்டினால் வெளியிலிருந்து திறப்பார்கள். உள்ளே கைப்பிடி கிடையாது. "தகுதியின்மை" என்றால், மூன்று மறுசோதனைகள் முடியும்வரை கதவு திறக்காது. பதினோரு ஆண்டுகளில் அவள் ஒரு தாளிலும் பொய்யாகக் கையெழுத்திட்டதில்லை.

உணரியைக் கழற்றி, வெறும் கம்பியை மேசைமேல் விட்டாள். கோடு உச்சியிலேயே இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எதனோடும் இணையாத கம்பி, அருகிலுள்ள உடலைக் காட்டும்; கையை நெருக்கினால் கோடு வீங்கும், விலக்கினால் வற்றும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கற்பது. தாளும் பேனாவுமாக நான்கடி பின்வாங்கி, கதவுக்கு எதிர்மூலையில் நின்றாள். கோடு படுத்தது.

சுவரின் ஒலிபெருக்கி கரகரத்தது. வெளியே காத்திருந்த தலைமைப் பொறியாளர்.

"என்னம்மா, கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டீங்க போலிருக்கே!"

"ரெண்டு நிமிஷம் சார்."

அவள் அசையவில்லை. கோடு எழுந்தது. சிறிது ஏறி நின்றது. மீண்டும் சிறிது ஏறி நின்றது. ஏற்றத்துக்கும் நிறுத்தத்துக்கும் இடையே நிதானமான ஒரு நடையின் சீர் இருந்தது. சூடேறிய கருவிகளின் வாடையோடு, நெடுநாள் உலராத துணியின் வாடையும் கலந்து வந்தது.

கோடு உச்சியைத் தொட்டது.

"சார், கதவைத் திறங்க."

"தாளை நீட்டுங்க, திறக்கிறேன். இந்த விதியை நானா எழுதினேன்?"

"உள்ள யாரோ இருக்காங்க சார்."

"இருக்காங்களே. நீங்கதான்."

அவர் சிரிப்பது கேட்டது. அவள் திரையையே பார்த்தாள். மேசையருகே நாற்காலி மட்டும்.

கோடு இறங்கத் தொடங்கியது.

ஒரு படி. நின்றது. இன்னொரு படி.

எதுவோ மேசையை விட்டு விலகுகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் கதவு, அது திறக்கவில்லை. இந்தப் பக்கம் அவள்.

இன்னொரு படி.

முதுகைச் செப்புத் தகட்டோடு ஒட்டினாள். குளிர். தாளை முழங்கால்மேல் வைத்தாள். "தகுதி." கட்டத்துக்குள் குறியிட்டாள். கையெழுத்து கோணலாயிற்று, இருந்தும் அவளுடையதுதான்.

"போட்டாச்சு சார். திறங்க. திறந்துடுங்க."

"குடுங்கம்மா, குடுத்தாத்தானே!"

கதவு மேசைக்கும் அப்பால். இருந்த இடத்திலிருந்தே கையை மட்டும் நீட்டினாள்.

கோடு முற்றிலும் படுத்துவிட்டது.

தாள் அவள் விரல்களிலிருந்து நழுவியது. பிடுங்கப்படவில்லை, வாங்கிக்கொள்ளப்பட்டது. அவளுக்கு எதிரே, நெஞ்சுயரத்தில், வெறும் காற்றில் அது நிமிர்ந்து நின்றது. வாசிப்பவர் கையில் சாய்வதுபோல் சற்றே சாய்ந்தது. குறியிட்ட கட்டத்தைக் கடந்து, கையெழுத்தின்மேல் ஓர் ஈரத் தடம் மெதுவாகப் பதிந்தது.

ஒரு விரலின் நீளம். நசுங்கிப் பரந்து, உள்ளங்கையின் அகலம்.