நாற்பத்தொன்றாம் நம்பர் ரோஸ்

குவைத்தின் அப்பாசியாவில், உமாராணியின் மூன்றாம் மாடி வீட்டில், வெள்ளிக்கிழமை பிற்பகலில் கால் வைக்க இடம் இருக்காது. தரையெல்லாம் சார்ஜர் வயர்கள். அத்தனையையும் முடிச்சுப் போட்டால் கனடாவரை போய்த் திரும்பி வரும்!

அங்கே நடப்பதும் கனடா வேலைதான். அந்நாட்டுப் பூர்வகுடிப் பிள்ளைகளை அந்தக் காலத்தில் வீட்டிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். பலர் திரும்பவே இல்லை. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அந்த மக்களே தேடுகிறார்கள். பழைய பதிவேடுகளைப் படம் பிடித்து அனுப்புவார்கள். உமாராணியும் நண்பர்களும் சும்மா உதவியாக அவற்றைத் தட்டச்சு செய்து கொடுப்பார்கள்.

இந்த வாரம் எல்லோர் முகமும் தொங்கிப் போயிருந்தது.

"ரோஸைக் காணோம்," என்றார் விஜயபாஸ்கர் மாமா. அவர் மெதுவாகப் பேசினாலே தெருக்கோடிப் பூனை விழித்துக்கொள்ளும். "அம்பத்தொண்ணாம் வருஷப் பதிவேட்டுல பேரு இருக்கு. அம்பத்திரண்டுல இல்ல. காத்துல கரைஞ்ச மாதிரி!"

ரோஸின் தங்கை கிளாரா, எழுபத்தெட்டு வயதில், கனடாவில் பதிலுக்குக் காத்திருந்தார். அக்காவைக் கொண்டுபோனபோது அவருக்கு நான்கு வயது. 'காணவில்லை' என்று எழுதி அனுப்ப உமாராணிக்குக் கை வரவில்லை.

"நீலா, லாண்ட்ரியில துணி வாங்கிட்டு வாடா கண்ணு," என்று மகளை அனுப்பினார்.

பத்து வயது நீலா கீழே இறங்கினாள். லாண்ட்ரி யஹ்யா பாய்க்கு அந்தக் கட்டடத்தில் ஒருவர் பெயரும் தெரியாது. சட்டைக் காலரில் வீட்டு எண்ணை அழியாத மையால் எழுதிவிடுவார். மனிதர்களுக்கும் அதுதான் பெயர்.

"வா, முன்னூத்திநாலு! பெரிய முன்னூத்திநாலு நல்லா இருக்காங்களா?"

"என் பேரு நீலா, பாய்."

"பேரு கிடக்கட்டும் பாப்பா. பேரைப் பாத்துத் துணி குடுத்தா, உங்கப்பா வேட்டி ரெண்டாம் மாடிக்குப் போயிரும்!"

துணியோடு ஏறிய நீலா பாதிப் படியில் நின்றாள். பிறகு பறந்தாள். காற்றில் மூன்று சட்டைகள் சுருக்கம் நீங்கின.

"மாமா, ரோஸ் பேருக்குப் பக்கத்துல ஒரு நம்பர் இருந்துச்சுல்ல?"

"நாப்பத்தொண்ணா? துணியில போடுற நம்பராம். நம்ம படிவத்துல அதுக்குக் கட்டமே இல்ல. அதான் விட்டுட்டோம்."

"அடுத்த வருஷம் நாப்பத்தொண்ணு யாரு?"

மாமா தேடினார். "ஆக்னஸ்னு ஒரு பொண்ணு."

"ரோஸ் போனப்புறம், புதுசா வந்த பிள்ளைக்கு அதைக் குடுத்திருப்பாங்க," என்றார் அம்மா.

"புதுசா வந்தா, சேர்ந்த தேதியும் புதுசா இருக்கணுமேம்மா?"

பார்த்தார்கள். ரோஸ் சேர்ந்த அதே நாள். அதே ஊர். வயது மட்டும் ஒன்று கூடியிருந்தது. பழைய பக்கத்தை மறுபடி எண்ணினால், ஒரே வகுப்பில் மூன்று ரோஸ்கள்!

"கூப்பிடக் குழப்பமா இருக்குன்னு பேரையே மாத்திருப்பாங்களோ?" என்றார் அம்மா.

"யல்லா, சீக்கிரம்! மெயிலைப் போடு!" மாமா கத்தியதில் ஜன்னல் கண்ணாடி இன்றுவரை ஆடிக்கொண்டிருக்கிறது.

பதினோரு நாள் கழித்து வீடியோ அழைப்பு வந்தது. அங்குள்ளவர்கள் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டார்கள். ஆக்னஸ்தான் ரோஸ். நான்கு வருடம் முன்பு இறந்திருந்தார். ஆனால் அவர் மகள் இரண்டு மணி நேரத் தொலைவில்தான் இருந்தார். இப்போது கிளாராவின் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் ஒரே அச்சில் வார்த்த மூக்கு.

நீலா ஆங்கிலத்தில் கேட்டாள். "வீட்டில் அவரை ரோஸ் என்றுதான் கூப்பிடுவீர்களா?"

கிளாரா சிரித்தார். "ரோஸும் பள்ளிக்கூடம் வைத்ததுதான். அம்மா வைத்த பெயர் வேறு. இவளுக்கே இன்று காலையில்தான் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன். ஆனால் அது எங்கள் வீட்டுப் பெயர். எங்கேயும் எழுதக் கூடாது, சரியா?"

நீலா கீபோர்டிலிருந்து கைகளை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கிளாரா சொன்னார்.

என்ன பெயர் அது? அன்று டூட்டிக்குப் போயிருந்த விஜயபாஸ்கர் மாமா, ஒரு மூட்டை சாக்லேட்டோடு இன்னமும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

"மாஃபி, மாமா, மாஃபி! கிடையவே கிடையாது!" என்று தலையை ஆட்டுகிறாள் நீலா.