குழந்தை இருக்கைக்குத் தனிக் கட்டணம்

நண்பகல் விமானம் இறங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. வருகை வாசலுக்கு எதிரே வெள்ளை வேனின் பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, கேளிக்கைப் பூங்கா விடுதியின் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்தபடி நின்றாள் அதன் ஓட்டுநர். ஹாரன் அடிக்கவே மாட்டாள் என்பதால் சக ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பெயர் பொறுமை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வண்டி ஓட்டுவதைவிட வாசலில் நின்று பதில் சொல்வதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும் என்று முதல் வாரத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"போன தடவை சும்மாதானேம்மா கூட்டிட்டுப் போனீங்க?" என்றார் தொப்பி போட்ட ஒரு பெரியவர்.

"இப்ப இல்லைங்க சார். ஆளுக்கு இவ்வளவுன்னு ஆக்கிட்டாங்க. மூணாவது பெட்டிக்குத் தனி."

"அப்போ அந்தப் பொது பஸ்?"

"அது மலிவுதான். ஆனா எல்லா ஹோட்டல் வாசல்லயும் நின்னு நின்னு வரும். நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள பூங்காவைச் சாத்திடுவாங்க. டாக்சி இன்னும் ஜாஸ்தி."

"ரூமுக்கு வசதிக் கட்டணம்னு வேற போட்டிருக்கான். நான் நீச்சல் குளத்துப் பக்கமே போகப் போறதில்ல, அதுக்கும் காசு. மூச்சு விடறதுக்கும் வாங்குவீங்களா?"

"அதை ஏசியோட சேர்த்தாச்சு சார்."

பெரியவரின் மனைவி சிரித்துவிட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்.

கடைசியாக வந்தவள் தனியாக வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் ஒரே ஒரு பை. அழுது அழுது பழகிப்போன முகம். சத்தமே இல்லாமல் பொறுமையின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"குழந்தை சீட் ஒண்ணு வேணும்."

"அதுக்குத் தனியா கட்டணும் மேடம். போன மாசம்தான் ஏத்தியிருக்காங்க."

"தெரியும். கட்டிட்டேன்."

பொறுமை சுற்றும் முற்றும் பார்த்தாள். "குழந்தை எங்க மேடம்?"

"வேன்லதான் இருக்கான்."

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் பொறுமையின் முதுகில் யாரோ ஈரக் கையை வைத்தது போலிருந்தது.

மறு கேள்வி கேட்காமல், வாசலோரம் இருந்த விடுதியின் கவுன்டரிலிருந்து இருக்கையை எடுத்து வந்து பின் வரிசை ஜன்னலோரம் பொருத்தினாள். அந்த வரிசையில் அவளுக்கே கொஞ்சம் சங்கடம் உண்டு. எத்தனை முறை துடைத்தாலும் அங்கே புளித்த பாலும் முகப்பவுடரும் கலந்த வாசனை வரும். காலையில் வேனைத் திறந்தால், யாரும் உட்காராத அந்த இடத்தின் பெல்ட் மட்டும் பூட்டியிருக்கும். முந்தின நாள் பயணி யாராவது விளையாட்டாகச் செய்திருப்பார்கள் என்று கழற்றிவிட்டு, தன் வேலையைப் பார்ப்பாள்.

அந்தத் தாய் குனிந்து, காலி இருக்கையின் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து மாட்டினாள். "கையை உள்ள விடுடா," என்றாள் மெதுவாக.

வேன் கிளம்பியது. பெரியவர் தன் ரசீதை மனைவிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மேம்பாலத்திலிருந்து இறங்கும் வளைவில் பொறுமை கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்.

காலி இருக்கையின் பட்டைகள் தொங்கவில்லை.

ஒரு சின்ன நெஞ்சைச் சுற்றிக் கட்டியது போல, விம்மி நின்றன.

அன்று மாலை வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் அதே விடுதியின் சலவைப் பிரிவில் பல வருடமாக இருப்பவன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை அப்படியே தட்டில் வைத்துவிட்டான்.

"அந்த அம்மா திரும்ப வந்திருக்காங்களா?"

"யாருங்க அது?"

"நீ சேர்றதுக்கு முன்னால, போன வருஷம் நடந்தது, நீ ஓட்டற அதே வேன்ல. ஒரு சின்னப் பையன். சீட்டுக்குத் தனியா காசுன்னதும் அப்பாக்காரர், கொஞ்ச தூரம்தானே, மடியில வெச்சுக்கறேன்னுட்டாரு. பாலத்து வளைவுல ஒரு லாரி குறுக்க வந்திருக்கு. டிரைவர் பிரேக் போட்டான். வேற ஒருத்தருக்கும் சின்னக் கீறல்கூட இல்ல."

அவள் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"அந்த வேன் சீட் உறையெல்லாம் என்கிட்டதான் துவைக்க வந்துச்சு," என்றான் அவன் தலை நிமிராமல்.

"அதுக்கப்புறமாவது குழந்தை சீட்டைச் சும்மா குடுத்திருக்கலாம்ல?"

"நல்லா கேட்டே போ. பாதுகாப்புக் கட்டணம்னு பேரை மாத்தி இன்னும் ஏத்தினாங்க."

அந்தத் தாய் இரண்டு நாள் விடுதியில் தங்கினாள். ராட்டினத்தில் ஏறும்போது பக்கத்து இடத்துக்கும் சீட்டு வாங்கினாளாம். உணவுக் கூடத்தில் எதிரே ஒரு சின்னத் தட்டு வைக்கச் சொன்னாளாம். பணியாளர்களில் சிலர் பாவம் என்றார்கள், சிலர் ஒதுங்கிப் போனார்கள். பொறுமையால் இரண்டும் முடியவில்லை. திரும்பும் நாளில் அவளை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டியவள் பொறுமைதான்.

விமான நிலையத்தில் மற்றப் பயணிகள் இறங்கிப் போன பிறகும் அந்தத் தாய் பின் வரிசையிலேயே குனிந்து நின்றாள். பட்டைகளைக் கழற்றியிருந்தாள். கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"வாடா. வீட்டுக்குப் போலாம். உன் கட்டில் அப்படியே இருக்கு. அம்மா எதையும் மாத்தலடா."

அவள் கெஞ்சினாள். அதட்டினாள். பிறகு கை தானாகக் கீழே இறங்கியது. வேனைவிட்டு இறங்கியவளின் முகத்தில் ஒரு துளி ரத்தமில்லை.

"வரமாட்டேங்கிறான்."

பொறுமை தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "மேடம், நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க."

"உங்களைப் பிடிச்சிருக்காம் அவனுக்கு." அவள் பொறுமையின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். கை பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. "வந்துடுச்சா, வந்துடுச்சான்னு கேட்டுட்டே இருப்பான். சலிச்சுக்காம பதில் சொல்லிடுங்க அக்கா. சொல்லலேன்னா கோவம் வந்துடும். பெல்ட்டைக் கழட்டிடுவான்."

"மேடம்…"

அவள் கதவுகளுக்குள் போய் மறைந்தாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த விமானத்தில் வந்தவர்களால் வேன் நிரம்பியது. பின் வரிசையிலும் ஆட்கள். குழந்தை இருக்கையை யாரும் கேட்கவில்லை. நல்லவேளை என்று அதைக் கழற்றிக் கவுன்டரில் வைத்துவிட்டாள். ஜன்னல்களில் வெயில், பயணிகளின் சிரிப்பு, யாரோ பிரித்த பிஸ்கட் பொட்டலத்தின் சரசரப்பு. எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. தன் பயத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

பாலத்தின் மேல் ஏறும்போது புளித்த பால் வாசனை முன்னால் வந்தது.

"வந்துடுச்சா?"

காதுக்குப் பின்னால். மிக மெல்லிய குரல்.

அவள் வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள்.

"வந்துடுச்சா?"

பதில் சொன்னால் அது இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சாலையையே பார்த்தாள்.

க்ளிக்.

பின் வரிசையில் ஒரு பெல்ட் கழன்றது.

க்ளிக். அடுத்தது. க்ளிக். க்ளிக்.

"ஏய், யாருடா என் பெல்ட்டைக் கழட்டினது?"

"என்னோடதும் கழண்டுடுச்சு. என்னம்மா வண்டி இது?"

சத்தம் வரிசை வரிசையாக முன்னால் வந்தது. வளைவு தெரிந்தது. அதன் மறுபக்கத்திலிருந்து ஒரு லாரி, கோட்டைத் தாண்டி, இவர்கள் பக்கம் சாய்ந்து வந்துகொண்டிருந்தது.

க்ளிக்.

அவளுடைய பெல்ட் தோளிலிருந்து நழுவியது.

"இன்னும் கொஞ்ச தூரம்தான் கண்ணா!" என்று கத்தினாள். "இதோ, வந்துட்டோம். அம்மா இருக்கேன்ல. உக்காரு!"

பெல்ட்டுகள் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. அவள் பிரேக்கை அழுத்தினாள். டயர்கள் கிறீச்சிட்டன. பட்டைகள் அத்தனை பேரையும் இருக்கையோடு பிடித்து இழுத்தன. லாரி, கண்ணாடியை உரசுவது போல, கடந்து போனது.

யாருக்கும் ஒன்றுமில்லை. முன் இருக்கையில் இருந்த இளைஞன் வெளிறிப்போய் அவளைப் பார்த்தான். "யாரையம்மா கண்ணான்னு கூப்பிட்டீங்க?"

அவள் வண்டியை மெல்ல நகர்த்தினாள். அம்மா என்ற அந்தச் சொல் தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

விடுதியில் எல்லோரையும் இறக்கிவிட்டு, நேராக மேற்பார்வையாளரின் அறைக்குப் போய் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"இப்படித் திடீர்னு நின்னா சம்பளத்துல பிடிப்பாங்கம்மா."

"பிடிச்சுக்கட்டும்."

"அந்த வேனை வேற யாரு ஓட்டறது?"

"யாரும் ஓட்ட வேணாம் சார். தயவுசெஞ்சு யார்கிட்டயும் குடுக்காதீங்க."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் சீருடை மேல்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே நடந்தாள். சாலைக்கு வந்ததும் மூச்சு வந்தது. நகரப் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காற்றில் டீசல் வாசனை மட்டும்தான். அந்தச் சாதாரண நாற்றம் அவளுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது என்று சொல்ல முடியாது. கணவனிடம் என்ன சொல்வது, நாளை எங்கே வேலை தேடுவது என்று மனம் வீட்டுக் கணக்குக்குப் போனது. கண்கள் லேசாகச் சொருகின.

நடத்துநர் பக்கத்தில் வந்து நின்றார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவளுடைய மடியைப் பார்த்தார்.

"குழந்தைக்கு அஞ்சு வயசு ஆயிடுச்சாம்மா? ஆயிருந்தா அரை டிக்கெட் எடுக்கணும்."

அவள் குனிந்து பார்த்தாள். மடியில் எதுவும் இல்லை. ஆனால் தொடைமேல் துணி அமுங்கி, சுருங்கி, வெதுவெதுப்பாக இருந்தது. அவளுடைய இரண்டு கைகளும் எப்போதோ அந்தக் காலியிடத்தைச் சுற்றி இறுக்கிக் கோத்திருந்தன.

"இல்லைங்க," என்றாள். "நாலு முடிஞ்சு மூணு மாசம்தான் ஆகுது."

அவளிடம் யாரும் அவன் வயதைச் சொன்னதே இல்லை.