சீரான துடிப்பு

பேனா கீழே விழுந்தது. விழுந்த சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்கவில்லை.

வந்துவிட்டது. அவள் வேலை பார்க்கும் ஈசிஜி அறையில் மதிய நோயாளிகள் எல்லோரும் போய், ஸ்பிரிட் நெடியும் பலர் வியர்வை ஊறிய ரெக்சின் மெத்தையின் வாடையும் சுவர்களுக்குள் தேங்கி நிற்கிற நேரத்தில், விரல் நுனிகள் மரத்து, தொண்டைக்குள் யாரோ துணியைத் திணிப்பதுபோல மூச்சு அடைத்தது. ஐந்து வருடம் பழகியவன், "உன்கூட இருந்தாலே எனக்கு மூச்சு முட்டுது" என்று பையைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து இப்படித்தான். வாரம் இரண்டு முறை சாவு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

வாசலில் நின்ற நர்ஸ் அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"மறுபடியுமா? டாக்டர்தான் சொன்னாருல்ல, இது நெஞ்சுவலி இல்ல, பயம். பத்து நிமிஷத்துல அடங்கிடும்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சும் ஏன்டி இந்தக் கூத்து? ஊர் உலகத்துல உன்னை மட்டுமா ஒருத்தன் விட்டுட்டுப் போனான்?"

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

அவளிடம் ஒரு வழி இருந்தது. கட்டிலில் படுத்து, தானே கை கால்களில் கிளிப்புகளை மாட்டி, ஜெல் தடவி, ஆறு ரப்பர் குமிழ்களையும் நெஞ்சில் ஒட்டிக்கொள்வாள். காகிதத்தில் வேகமாக, ஆனால் ஒழுங்காக ஓடும் கோட்டைப் பார்த்தால் போதும். இதயம் பழுதில்லை என்று மனம் நம்பும், மூச்சு மெல்ல இறங்கும். நான்கு முறை பலித்த வைத்தியம்.

இயந்திரம் கிர்ரென்று காகிதத்தைத் தள்ளியது. தலையைத் திருப்பினாள்.

கோடு நிதானமாக இருந்தது. நிமிடத்துக்கு ஐம்பத்தாறு. அயர்ந்து தூங்குகிறவருடைய துடிப்பு.

கழுத்து நரம்பைத் தொட்டாள். அங்கே உதறியது. எண்ண முடியாத வேகம்.

தப்பாக மாட்டியிருப்பேன். குமிழ்களைப் பிடுங்கினாள். கிளிப்புகளையும். எல்லாவற்றையும் மெத்தையில் போட்டுவிட்டு இறங்கினாள்.

காகிதம் நிற்கவில்லை. ஐம்பத்தாறு. ஐம்பத்தாறு.

"பயம்தான்," என்றாள் வாய்விட்டு. "பத்து நிமிஷம்."

கண்ணை மூடினாள். மூச்சை இழுத்தாள். நான்கு எண்ணி விட்டாள். மறுபடி. மறுபடி. நெஞ்சு அடங்கியது. உண்மையாகவே அடங்கியது. விரல்களுக்கு உணர்வு வந்தது. சத்தங்கள் தெளிந்தன. மின்விசிறி. வெளியே ஸ்ட்ரெச்சரின் சக்கரம். காகிதம்.

கண்ணைத் திறந்தாள்.

நான்கு கிளிப்புகளும் மணிக்கட்டு, கணுக்கால் பருமனுக்கு வாய் விரிந்து நின்றன. மெத்தை நடுவில் குழிந்திருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், ஆறு குமிழ்களும் வளைவாகக் கவ்வி நின்று, மெல்ல ஏறின. மெல்ல இறங்கின.